அதிபர் கையெழுத்துப் போட்டால் அது சட்டமாகிவிடுமா?

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறான். 2025 செப்டம்பரில் அதிபர் டிரம்ப் அந்த விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று கையெழுத்துப் போட்டதும் வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. அங்கே நாடாளுமன்றம் என்று ஒன்று இல்லையா? இனி இப்படி ஏதாவது வந்தால் எதைப் பார்த்து முடிவெடுப்பது?
– திருச்சி வாசகி

பதில்: இருக்கிறது அம்மா. இந்த அதிகாரத்தை அதிபர் கையில் தூக்கிக் கொடுத்ததே அந்த நாடாளுமன்றம்தான். அதுவும் 1952-லேயே.

அதிபர் தன் கையெழுத்திலேயே பிறப்பிக்கும் 'நிர்வாக ஆணை' என்ற பேச்சே அமெரிக்க அரசியலமைப்பில் கிடையாது. சட்டம் இயற்றுவது காங்கிரஸ் எனும் அந்த நாடாளுமன்றத்தின் வேலை, நிறைவேற்றுவது அதிபரின் வேலை, அவ்வளவுதான். எனவே அதிபர் எதில் கையெழுத்திட்டாலும் அதற்கு அரசியலமைப்பிலோ, காங்கிரஸ் இயற்றிய சட்டத்திலோ ஆதாரம் இருக்க வேண்டும்.

ஆதாரம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அன்றைய அதிபர் ட்ரூமன்தான் சாட்சி. 1952 ஏப்ரலில், கொரியப் போர் நடந்துகொண்டிருந்தபோது, எஃகு ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்துக்குத் தயாரானார்கள். போருக்கு எஃகு வேண்டும் என்று சொல்லி ஆலைகளையே அரசு எடுத்துக்கொள்ள ட்ரூமன் ஆணையிட்டார். ஜூன் 2-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் அதைத் தள்ளியது. காங்கிரஸ் ஆதரவோடு செய்தால் அதிபரின் கை ஓங்கியிருக்கும், அதன் விருப்பத்துக்கு எதிராகச் செய்தால் அதிகாரம் அடிமட்டத்துக்குப் போய்விடும் என்று நீதிபதி ஜாக்சன் அதில் எழுதியதை இன்றும் நீதிமன்றங்கள் மேற்கோள் காட்டுகின்றன.

வேடிக்கை என்னவென்றால், அதே மாதம் 27-ஆம் தேதி காங்கிரஸ் ஒரு குடியேற்றச் சட்டத்தை நிறைவேற்றியது. நாடுவாரி ஒதுக்கீடு பிடிக்காமல் ட்ரூமன் அதை வீட்டோ செய்திருந்தார், அதாவது கையெழுத்திட மறுத்துத் திருப்பி அனுப்பியிருந்தார். அதையும் மீறி நிறைவேற்றினார்கள். அந்தச் சட்டத்தின் 212(எஃப்) பிரிவு, நாட்டின் நலனுக்குக் கேடு என்று அதிபர் கருதினால் எந்த வகை வெளிநாட்டவரின் நுழைவையும், தேவை என்று அவர் நினைக்கும் காலம்வரை நிறுத்தலாம், அல்லது நிபந்தனை விதிக்கலாம் என்கிறது. எவ்வளவு அகலமான கதவு பாருங்கள்! சில நாட்டவருக்கு டிரம்ப் விதித்த பயணத் தடையை 2018-இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்று ஏற்றுக்கொண்டதும் இந்தப் பிரிவை வைத்துத்தான். உங்களைத் தூங்கவிடாத அந்த ஒரு லட்சம் டாலர் பிரகடனமும் இதைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறது. நுழைவைத் தடுக்கும் அதிகாரத்துக்குள் இவ்வளவு பெரிய தொகை கேட்பதும் அடங்குமா என்பதுதான் அதை எதிர்த்துப் போடப்பட்ட வழக்குகளின் வாதம்.

காங்கிரஸ் நினைத்தால் அந்தப் பிரிவையே மாற்றலாம். ஆனால் அதிபர் வீட்டோ செய்தால் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். இன்றைய அரசியலில் அது நடக்கிற காரியமாக எனக்குத் தோன்றவில்லை. அடுத்து வரும் அதிபர் ரத்து செய்வது அதைவிட எளிது: அந்தப் பயணத் தடையை பைடன் பதவியேற்ற அன்றே, 2021 ஜனவரி 20-இல், ஒரு கையெழுத்தில் நீக்கினார்.

சரி, நீங்கள் என்ன பார்க்க வேண்டும்? தொலைக்காட்சித் தலைப்பை விடுங்கள். ஆணையின் முழு வாசகம் வெள்ளை மாளிகை இணையதளத்தில் வரும், பின்னர் அரசிதழிலும் வரும். எந்தச் சட்டப் பிரிவின்படி என்பது எண்ணிட்ட விதிகள் தொடங்கும் முன் வரும் முன்னுரையில் இருக்கும். பிரிவு பெயர் சொல்லாமல் 'அரசியலமைப்பும் சட்டங்களும் எனக்களித்த அதிகாரத்தால்' என்று மட்டும் இருந்தால், எந்தச் சட்டம் என்ற கேள்வி நீதிமன்றத்தில் எழலாம். பிறகு, எந்தத் தேதியிலிருந்து, யாருக்கு என்று தேடுங்கள்.

செப்டம்பரில் குழப்பம் வந்தது அந்த 'யாருக்கு' என்பதில்தான். 19-ஆம் தேதி வெள்ளிக்கிழமை கையெழுத்து. 21-ஆம் தேதி ஞாயிறு பிறந்ததும் அமல். வாசகம் வெளிநாட்டில் இருப்பவர்களின் நுழைவைப் பற்றிப் பேசியதால், விடுமுறையில் போனவர்கள்கூட அடித்துப் பிடித்துத் திரும்பினார்கள். கையெழுத்தான மறுநாள் சனிக்கிழமையே குடியேற்றத் துறை விளக்கம் தந்தது: 21-ஆம் தேதிக்குப் பிறகு போடும் புதிய மனுக்களுக்கு மட்டும்தான், ஏற்கெனவே விசா வைத்திருப்பவர்களுக்கு இல்லை. நீட்டிக்காவிட்டால் 12 மாதத்தில் காலாவதி என்பதும் அந்த வாசகத்திலேயே இருந்தது.

ஆகவே அடுத்த முறை மகன் இந்தியாவில் இருக்கும்போது இப்படி ஒன்று வந்தால், விமான டிக்கெட்டை மாற்றும் முன் நிறுவனத்தின் குடியேற்ற வழக்கறிஞருக்கு ஒரு மின்னஞ்சல் போடச் சொல்லுங்கள். வேலை மாறுவதாக இருந்தாலும் அவரைக் கேட்டுவிட்டே மாறட்டும்.