ராத்திரிப் பன்றியைத் தின்ற பகல் புல்

போன இதழில், விலங்கு கடந்தால் தானே படம் எடுக்கிற தோட்டத்துக் கேமரா பற்றி நாலு வரி எழுதினாலும் எழுதினேன், வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். முப்பது வருடம் டெலிபோன் கம்பம் ஏறி ஓய்வு பெற்றவனுக்கு, இப்போது பன்றிக்கும் மரநாய்க்கும் சிக்னல் பார்த்துச் சொல்கிற உத்தியோகம். சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அழகர்மலை அடிவாரத்தில் ஒன்றரை ஏக்கர் கடலை போட்டிருக்கிறேன். சிம் போடுகிற கேமரா ஒன்று வாங்கி வேப்பங்கிளையில் கட்டினோம். பகலில் போனுக்கு நூறு, நூற்றைம்பது படம் வருகிறது. எல்லாம் வெறும் புல். காலையில் போய்ப் பார்த்தால் செடியைக் கிளறிப் போட்டிருக்கிறது பன்றி. இரவுப் படம் ஒன்றுகூட இல்லை. கேமரா பழுதா ஐயா?
– அழகர்கோவில் பக்கத்து விவசாயி

பழுதில்லை. பகலில் வந்த அந்தப் புல்தான் உங்கள் ராத்திரிப் பன்றியைத் தின்றுவிட்டது.

கேமராவுக்கு முகப்பில் முட்டை ஓடு மாதிரி வெள்ளையாக ஒரு மூடி இருக்கும். அதற்குப் பின்னால் இருக்கிற சென்சாருக்குப் பன்றியும் தெரியாது, பசுவும் தெரியாது. எதிரே சூட்டில் வித்தியாசமுள்ள ஒன்று அசைந்தால் படம் எடு என்று சொல்லும், அவ்வளவுதான். வெயிலில் காய்ந்த புல் காற்றில் ஆடினாலும் அதற்கு ஒன்றுதான். கட்டிய கிளையே ஆடினால் கேட்கவே வேண்டாம். நானே ஒரு ஆடி மாதம் சொந்தக்காரர் மாந்தோப்பில், மணிக்கட்டுத் தடிமன்கூட இல்லாத கிளையில் கட்டிவிட்டு வந்தேன். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது மாங்கிளை சும்மா இருக்குமா? ஒரே பகலில் ஆயிரத்துச் சொச்சம் மாவிலைப் படம். டேட்டா மத்தியானமே தீர்ந்தது. மறுநாள் பேட்டரி படுத்துவிட்டது.

பகலில் படம் எடுக்க ஆகிற மின்சாரம் கொஞ்சம்தான். எடுத்ததை டவருக்கு அனுப்பத்தான் நிறைய வேண்டும். சிக்னல் மெலிவாக இருந்தால் அதைவிட நிறைய. பொழுது சாய்ந்ததும் கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் விளக்குகள் வேறு ஒரே நேரத்தில் எரிய வேண்டும். பகலெல்லாம் புல்லை அனுப்பி இளைத்துப் போன பேட்டரி அந்த நொடியில் தாங்காது. கேமரா அணைந்துவிடும், இல்லை கறுப்புப் படம் வரும். விடிந்ததும் எதுவும் நடக்காத மாதிரி மறுபடி புல்லை அனுப்பத் தொடங்கும்.

முதலில் அதை மரத்திலிருந்து இறக்குங்கள். உங்கள் பக்கம் வேலிக்கு ஊன்றுகிற கல்லுக்கால் இருக்குமே, அது ஆடாது. அதன் வடக்கு முகத்தில் வடக்கே பார்த்துக் கட்டினால் காலை வெயிலும் மாலை வெயிலும் நேராகக் கண்ணில் அடிக்காது, பெட்டியும் பெரும்பாலும் நிழலில் இருக்கும். உயரம் உங்கள் முழங்கால் அளவு. ஆள் உயரத்தில் கட்டினால் பன்றி அடியில் புகுந்து போய்விடும். தடத்திலிருந்து நாலைந்து தப்படி தள்ளி, பன்றி குறுக்கே கடக்கிற மாதிரி பார்க்கட்டும். நேர் எதிரே நடந்து வருகிற உருவத்தைச் சென்சார் தாமதமாகத்தான் உணரும். முன்னால் இருக்கிற புல்லை அரிவாளால் சுத்தமாக அறுத்துவிடுங்கள். மெனுவில் நேரம் குறிக்கிற இடம் இருக்கும்; மாலை ஆறு முதல் காலை ஆறு வரை மட்டும் விழித்திருக்கச் சொல்லுங்கள். இது ஒன்றைச் செய்தாலே பாதித் தொல்லை தீர்ந்தது.

அப்புறம் சோதனை. பரிசோதனை நிலையில் வைத்துவிட்டு, தடத்தில் நாலு காலில் தவழ்ந்து போய்ப் பாருங்கள். சின்ன விளக்கு மினுக்கினால் சரி. பக்கத்துத் தோட்டக்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும்.

சிக்னலைப் பார்க்கும்போது அதே கம்பெனி சிம் போட்ட போனை, கேமரா இருக்கப்போகிற உயரத்தில் குனிந்து பிடித்துப் பாருங்கள். கிணற்று மேட்டில் நின்று பார்த்துவிட்டுப் பள்ளத்தில் கட்டுகிறவர்கள்தான் அதிகம். பேட்டரியில் பழையதும் புதியதும் கலக்கவே கூடாது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். படம் வந்துவிட்டதால் பன்றி போய்விடாது. தேதியும் மணியும் சரியாக வைத்திருந்தால் வனத்துறையில் பயிர்ச் சேதத்துக்கு மனுக் கொடுக்கும்போது கையில் ஒரு ஆதாரம் இருக்கும். ஆத்திரத்தில் லைனில் கொக்கி போட்டு வேலிக்குக் கரண்ட் விடுகிற வேலை மட்டும் வேண்டாம். அது குற்றம், இருட்டில் தண்ணீர் பாய்ச்ச வருகிற ஆளுக்கும் அதே கம்பிதான்.

அமெரிக்காவிலிருந்து மகன் வாங்கி வந்த கேமராவில் நம் ஊர் சிம் போட்டால் சிக்னலே காட்டவில்லை.
– வாசகி, திருமங்கலம்

அங்கே விற்பதில் பல, அந்த ஊர் கம்பெனிக்கென்றே பூட்டியவை அம்மா. பூட்டு இல்லையென்றால், நம் ஊரில் 4ஜிக்குப் பயன்படுகிற 3, 5, 40 போன்ற அலைவரிசை எண்கள் பெட்டியில் போட்டிருக்கிறதா பாருங்கள். ஜியோவில் 2ஜி, 3ஜி கிடையாது. பழைய 3ஜி கேமராவில் அந்த சிம் ஊமை. சிம்மை முதலில் ஒரு போனில் போட்டு உயிர்ப்பித்து, சிம்முக்கு ரகசிய எண் (PIN) பூட்டு இருந்தால் அதை எடுத்துவிட்டு மாற்றுங்கள். அப்படியும் வராவிட்டால் மெமரி கார்டு போட்டுச் சும்மா கேமராவாகப் பயன்படுத்துங்கள். வாரம் ஒருமுறை நடந்து போய்க் கார்டைக் கழற்றி வரலாம், உடம்புக்கும் நல்லது.

கல்லூரியில் விலங்கியல் படிக்கிறேன். அரிட்டாபட்டியில் தேவாங்கைப் படம் எடுக்கக் கேமரா கட்டலாமா?
– மாணவர், மேலூர்

தம்பி, 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த இடம் அது. நினைத்தபடி போய்க் கட்ட முடியாது. கல்லூரிக் கடிதத்தோடு வனத்துறையைக் கேளுங்கள், ஊர்ப் பெரியவர்களிடமும் சொல்லுங்கள். வல்லூறு கூடு வைக்கிற பாறைப் பக்கம் போகவே வேண்டாம்.

அனுமதி கிடைத்தாலும் தேவாங்குக்கு இந்தப் பெட்டி அவ்வளவு பொருத்தமில்லை என்பது என் எண்ணம். கால் கிலோ எடையில் ஒரு பிராணி, கிளைக்குக் கிளை மெதுவாக நகர்கிறது. தரையில் ஒரே தடத்தில் போகிற பன்றி மாதிரி இல்லை. சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச்சோடு இரவில் மெல்ல நடந்தால், புதருக்குள் இரண்டு கண் கங்கு மாதிரி மின்னும். எண்ணிக் குறித்துக்கொள்ள அதுவே போதும்.

தரையில் முள்ளம்பன்றிக்கோ மரநாய்க்கோ கட்டுவதாக இருந்தால், அந்தப் பக்கம் ஆடு மேய்க்கிறவர்கள், விறகுக்கு வருகிற பெண்கள் எல்லோரிடமும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். ஒதுக்குப்புறம் என்று ஆட்கள் ஒதுங்குகிற இடத்தில் கட்டாதீர்கள். எனக்கு ஒருமுறை அப்படி நாலு படம் வந்தது. போனில் இருந்ததை அன்றே அழித்தேன். கார்டிலும் இருக்குமே என்று இரவோடு இரவாக ஏழு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்துப் போய் அதையும் அழித்துவிட்டு, கேமராவை இடம் மாற்றிக் கட்டினேன்.

கேமராவுக்குள் சித்தெறும்பு குடித்தனம் நடத்துகிறது. என்ன செய்ய?
– வாடிப்பட்டி வாசகர்

மூடியின் ரப்பர் வளையத்தில் மண் ஒட்டியிருக்கும், துடையுங்கள். கட்டிய பட்டைக்கு மேலும் கீழும் கல்லுக்காலைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குக் கிரீஸ் தடவுங்கள். எறும்புப் பொடியைப் பெட்டிக்குள் போடாதீர்கள். லென்ஸில் படிந்தால் வருகிற படமெல்லாம் மார்கழிப் பனியில் எடுத்த மாதிரி இருக்கும்.