தாலிச் சங்கிலி கோர்ட்டில் கிடக்கிறது. கேஸ் முடியும்வரை காத்திருக்க வேண்டுமா?

கேள்வி: 2024 கார்த்திகையில் கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது, பைக்கில் வந்த இருவர் என் தாலிச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனார்கள். 7 சவரன் என்று புகார் எழுதிக் கொடுத்தேன். ஆளைப் பிடித்து, அடகுக்கடையிலிருந்து சங்கிலியை மீட்டார்கள். தாலியையும் குண்டுகளையும் உருக்கிக் கட்டியாக்கிவிட்டார்களாம். ஸ்டேஷனில் கேட்டால், "கேஸ் முடியட்டும்மா" என்கிறார்கள். 22 வருடத்துக்கு முன் அம்மா வீட்டில் போட்ட நகை, பில் இல்லை. என்ன செய்வது? - வாசகி, திருச்சி

பதில்: காத்திருக்க வேண்டாம் அம்மா. ஸ்டேஷனில் சொன்னதில் ஒரு பாதிதான் சரி. கோர்ட்டுக்குப் போய்விட்ட நகையை இன்ஸ்பெக்டர் எடுத்துத் தர முடியாது. ஆனால் மாஜிஸ்திரேட் தரலாம், விசாரணை நடக்கும்போதே தரலாம். அதற்கு ஸ்டேஷன் வாசலில் நிற்பதை விட்டுவிட்டு, நீங்கள் மனுப் போட வேண்டும்.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 451-வது பிரிவு, இப்போது அதன் இடத்தில் வந்த பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) சட்டத்தின் 497-வது பிரிவு. பொருள் கோர்ட்டுக்கு வந்த 14 நாளுக்குள் அதன் விவரப் பட்டியல் தயாரிக்க வேண்டும், போட்டோவோ வீடியோவோ எடுக்க வேண்டும், அதிலிருந்து 30 நாளுக்குள் உத்தரவு போட வேண்டும் என்கிறது இது. அந்தப் போட்டோவே விசாரணையில் சாட்சியமாகும். நடைமுறையில் இந்தக் கெடு எங்கே காப்பாற்றப்படுகிறது என்று கேட்காதீர்கள், மனுவில் எழுதுங்கள். சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002-லேயே உச்ச நீதிமன்றம், நகைகளை வருடக்கணக்கில் பூட்டிவைப்பதில் பயனில்லை, போட்டோ எடுத்து, பஞ்சநாமா (சாட்சிகள் முன் எழுதும் விவரக் குறிப்பு) தயாரித்து, உறுதிப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு உரியவரிடம் கொடுங்கள் என்று சொல்லிவிட்டது. அதையும் சேருங்கள்.

பில் இல்லாததற்குப் பயப்பட வேண்டாம். கல்யாண ஆல்பத்தில் சங்கிலியின் பின்னல் தெரிகிற படம், எப்போதாவது அடகு வைத்திருந்தால் அந்த ரசீது, நகையை அடையாளம் சொல்லும் உங்கள் அம்மாவின் பிரமாணப் பத்திரம் போதும். சங்கிலியில் அறுந்த இடம் இருக்கும் இல்லையா? அறுத்துக்கொண்டு போனதாகப் புகாரில் சொன்னதும் அதுவும் பொருந்துவது பெரிய பலம்.

என் அனுபவத்தில் மனுக்கள் சிக்குவது எடையில்தான். நீங்கள் புகாரில் 7 சவரன், அதாவது 56 கிராம் என்று சொல்லியிருக்கிறீர்கள். கைப்பற்றுதல் மகஜரில், அதாவது நகையை மீட்டபோது போலீஸ் எழுதிய குறிப்பில், சங்கிலியும் கட்டியும் சேர்த்து 51 கிராம்தான் இருந்தால்? மனுவில் 56 என்று கேட்டால் எதிர்ப்பு வரும். மகஜர் நகலை முதலில் வாங்கி, அதிலுள்ள எடையை அப்படியே எழுதுங்கள். புகாரில் சொன்னது கண்மதிப்பு என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

கட்டியை உங்களுடையது என்று காட்டுவது கொஞ்சம் கஷ்டம். அதில் அடையாளம் ஏது? பிடிபட்ட எதிரி (குற்றம் சாட்டப்பட்டவன்) கொடுத்த தகவலின்பேரில், சங்கிலி சிக்கிய அதே கேஸில் எடுத்தது என்பதும், வேறு யாரும் உரிமை கோரவில்லை என்பதும்தான் பிடிமானம். அடகுக்கடைக்காரர், "நான் பணம் கொடுத்து வாங்கினேன்" என்று வந்து நிற்கலாம். அவர் பணத்தை அடகு வைத்தவனிடம் கேட்கட்டும். திருட்டு நகைக்கு அவர் கடன் கொடுத்ததால் உங்கள் உரிமை போய்விடாது.

மனு அனுமதிக்கப்பட்டால், நகை மதிப்புக்கு உறுதிப் பத்திரமும் ஜாமீன்தாரும் கேட்பார்கள். விற்கக் கூடாது, அடகு வைக்கக் கூடாது, உருமாற்றக் கூடாது, கூப்பிடும்போது கொண்டுவர வேண்டும் என்றும் நிபந்தனை இருக்கும். அறுந்ததைப் பற்றவைப்பதானால்கூடக் கோர்ட்டில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பழசைப் போட்டுப் புது டிசைன் எடுக்கும் ஆசை தீர்ப்புவரை வேண்டாம். மனு தள்ளுபடியானால் செஷன்ஸ் கோர்ட்டிலோ உயர் நீதிமன்றத்திலோ மறுசீராய்வு கேட்கலாம்.

நகையை வாங்கப் போகும் நாளில், கோர்ட்டில் வழக்குப் பொருட்களைப் பார்த்துக்கொள்ளும் பிராப்பர்டி கிளார்க் முன்னாலேயே எடை போட்டு, மகஜரோடு ஒத்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.