தேயிலைத் தோட்டத்தை அடகு வைத்துப் பல் டாக்டர் ஆக வேண்டாம்

கோத்தகிரி அம்மாவுக்கு வணக்கம்.

மகளின் நீட் மதிப்பெண்ணுக்கு அரசு சீட் வராது என்கிறீர்கள். பெரியப்பா ஒரு தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் பிடிஎஸ் என்ற பல் மருத்துவப் பட்டப்படிப்பு சீட்டுக்குப் பேசி வைத்திருக்கிறார். அதற்காக ஒன்றரை ஏக்கர் தேயிலையை வங்கியில் வைக்கச் சொல்கிறார்கள். மகள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

கவலைப்படாதீர்கள் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. கவலைப்பட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அது மகளின் மதிப்பெண் அல்ல, உங்கள் நிலப் பத்திரம்.

வங்கிகள் பின்பற்றும் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் 7.5 லட்ச ரூபாய் வரை பொதுவாகச் சொத்து ஈடு கேட்பதில்லை. அதைத் தாண்டும்போதுதான் நிலம் உள்ளே வருகிறது. படிக்கும் காலத்தில் தவணை இல்லை என்பார்கள், ஆனால் வட்டி அன்றிலிருந்தே ஏறும். பிடிஎஸ் பயிற்சியோடு சேர்த்து 5 ஆண்டு. முடித்ததும் சொந்தமாக கிளினிக் வைக்க நாற்காலி, கம்ப்ரசர், எக்ஸ்ரே, கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் என்று இன்னொரு கடன். அதில்லாமல் இன்னொருவர் கிளினிக்கில் சேர்ந்தால், ஆரம்பச் சம்பளம் பலருக்கு முதல் கடனின் தவணைக்கே போதாது. பசுந்தேயிலை விலை எப்படி விழும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த வருமானத்தை நம்பி இந்தக் கணக்கைப் போடக் கூடாது.

சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை அரசுக் கல்லூரிகளில் இடம் கிடைத்திருந்தால் நானே அனுப்பச் சொல்லியிருப்பேன். 7.5 சதவீத உள்ஒதுக்கீடும் உதவாது. அது 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும். உங்கள் மகள் படித்தது அரசு உதவிபெறும் பள்ளி.

இனி, உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் வந்த ஒரு வரிக்கு வருகிறேன். பள்ளி என்எஸ்எஸ் மூலம் ஓர் இலவசப் பல் முகாமில் டார்ச் பிடிக்கப் போனாள், ‘பல் பிடுங்கின அந்தப் பாட்டிக்கு அப்புறம் என்ன ஆச்சு’ என்று ஒரு வாரம் கேட்டுக்கொண்டே இருந்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் வேலை ஒன்று இருக்கிறது. டென்டல் ஹைஜீனிஸ்ட். பிளஸ் டூ அறிவியலுக்குப் பிறகு 2 ஆண்டு டிப்ளமோ. பற்காரை எடுப்பது, பல்லைச் சுத்தம் செய்து பாலிஷ் போடுவது, வாய்ச் சுகாதாரம் சொல்லிக்கொடுப்பது இவர்களின் வேலை என்று 1948-ம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டமே தனியாக வரையறுத்தது. இவர்களுக்கென்று தனிப் பதிவேடும் உண்டு. உறவினர் யாருக்கும் இந்தப் பெயர் தெரியாது என்பதாலேயே இது மட்டமான படிப்பு ஆகிவிடாது.

மலையில் நடக்கும் முகாமை நினைத்துப் பாருங்கள். கீழிருந்து தன்னார்வ மருத்துவர்கள் காலையில் ஏறி வருகிறார்கள். கோத்தகிரிப் பக்கம் இருளர், குறும்பர் ஊர்கள், கூடலூர் பந்தலூர் பக்கம் பணியர், காட்டுநாயக்கர் குடியிருப்புகள், நடுவில் எஸ்டேட் லைன் வீடுகள். ஒரு நாளில் 60 பேர் வந்தால், ஒவ்வொருவருக்கும் கண்ணாடி, புரோப், ட்வீசர் கொண்ட சுத்தமான செட் ஒன்று வேண்டும். கையில் 30 செட்தான் இருந்தால் மதியத்துக்குள் வரிசை நின்றுவிடும். கழுவி, உறையிட்டு, ஆட்டோகிளேவில் வைத்து, உலர்த்தி எடுக்க ஒரு சுற்றுக்கு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அவசரத்தில் ஈர உறையோடு எடுத்தால் அந்த ஈரத்தின் வழியே கிருமி மறுபடி உள்ளே போகும். மூடுபனி நாளில் இது இன்னும் மோசம்.

இன்னொரு விஷயம் மலைக்கே உரியது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 93 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். கருவியைக் கொதிநீரில் போட்டு எடுப்பது எங்குமே போதாது, இங்கே இன்னும் போதாது. சமவெளியில் ஆட்டோகிளேவ் முள் 15 பவுண்டு காட்டினால் உள்ளே 121 டிகிரி. முள் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேலான அழுத்தத்தை மட்டும்தான். ஊட்டியில் வெளிக்காற்றின் அழுத்தமே குறைவு என்பதால் அதே 15 பவுண்டில் உள்ளே சுமார் 117 டிகிரிதான் இருக்கும். 121-ஐத் தொட முள் ஏறக்குறைய 18.5 பவுண்டு காட்ட வேண்டும், இயந்திரம் அதைத் தாங்கும்படி செய்யப்பட்டிருக்கவும் வேண்டும். அதனால் முள்ளை மட்டும் நம்பாமல் வெப்பநிலை காட்டும் இயந்திரமும், ஒவ்வொரு சுற்றிலும் நிறம் மாறும் இண்டிகேட்டர் பட்டையும் தேவை. 60 வாய்களின் பாதுகாப்பு இதில் இருக்கிறது. நாள் முழுக்க நோயாளியிடம் குனிந்திருக்கும் மருத்துவரால் இதைக் கவனிக்க முடியாது. பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் நின்றாக வேண்டும்.

டிரில் இல்லாத இடத்தில் சொத்தையைக் கைக்கருவியால் சுரண்டி, குழியை அடைக்க கிளாஸ் அயனோமர் சிமென்ட் வைப்பார்கள். மின்சாரம் போனாலும் நடக்கும் சிகிச்சை இது. பொடியையும் திரவத்தையும் அரை நிமிடத்துக்குள் கலந்து, பளபளப்பு இருக்கும்போதே பல்லில் வைக்க வேண்டும். மங்கிய பிறகு வைத்தால் பல்லோடு ஒட்டாது, சில வாரத்தில் பெயர்ந்து விழும். குளிரில் இறுக நேரமும் கூடுதலாகும். அதைத் தெரியாமல் நோயாளியைச் சீக்கிரம் எழுப்பிவிட்டால் வேலை வீண். வைப்பவர் மருத்துவர்தான், ஆனால் சரியான நொடியில் சரியான பதத்தில் கலந்து நீட்டுபவரின் கை பழகியிருக்காவிட்டால் மருத்துவரால் ஒன்றும் செய்ய முடியாது.

பல் பிடுங்கியவர் பஞ்சை அரை மணி நேரமாவது கடித்திருக்க வேண்டும். முதல் நாள் கொப்பளிக்கவோ துப்பவோ கூடாது. ரத்தக்கட்டி கரைந்துபோனால் மூன்றாம் நாள் காது வரை இழுக்கும் வலி வரும். புகையிலை போடுபவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். அந்த மூன்றாம் நாளில் மருத்துவர்கள் மலையிறங்கி ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்கள். பாட்டிக்கு என்ன ஆச்சு என்று அன்று வீட்டுக்குப் போய்ப் பார்க்க ஆள் வேண்டும். தாடைக்குக் கீழே வீங்கி, விழுங்க முடியவில்லை என்றால் 108-க்குச் சொல்லவும் ஆள் வேண்டும். வெற்றிலை பாக்கு போடுபவர்களின் கன்னத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத வெள்ளை, சிவப்புத் திட்டைக் கவனிக்க வேண்டும். மூன்று விரல் நுழையாத அளவுக்கு வாய் திறக்கச் சிரமப்படுபவரை மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பள்ளிப் பிள்ளைகளின் பல்லில் சொத்தையைத் தடுக்கும் ஃப்ளோரைடு வார்னிஷ் பூச வேண்டும். அடுப்புக்கரியும் செங்கல் தூளும் எனாமலைத் தேய்த்துவிடும் என்பதை ஊர்க்காரர்கள் முகம் சுளிக்காதபடி பேசத் தெரிய வேண்டும். வந்து போகும் முகாமால் இதில் எதையும் செய்ய முடியாது. மலையில் பிறந்து, மலையிலேயே இருக்கப் போகிறவளால் முடியும்.

இந்தப் படிப்பின் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். ஹைஜீனிஸ்ட் பல் பிடுங்கவோ, மரத்துப்போகும் ஊசி போடவோ, தனியாக கிளினிக் வைக்கவோ முடியாது. மருத்துவரின் மேற்பார்வையில்தான் வேலை. இதிலிருந்து பிடிஎஸ்ஸுக்கு நேரடி வழி இல்லை, பின்னால் ஆசை வந்தால் மறுபடி நீட்தான். சம்பளமும் பெரிதாக இருக்காது. அரசு வேலை வேண்டுமென்றால் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரிய அறிவிப்புகளைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் 2 ஆண்டில் கையில் தொழில் இருக்கும், நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும்.

கல்லூரி பார்க்கும்போது கண்டிப்பாக இருங்கள். ‘டென்டல் அசிஸ்டென்ட்’ என்று ஆறு மாதச் சான்றிதழ் விற்பவர்களிடம் போகாதீர்கள், அதை வைத்து ஹைஜீனிஸ்டாகப் பதிவு செய்ய முடியாது. கல்லூரிக்குப் பல் மருத்துவப் படிப்பு நடத்த அனுமதி இருந்தால் மட்டும் போதாது, ஹைஜீனிஸ்ட் டிப்ளமோவுக்கே தனியாக அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். முடித்தபின் மாநில பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவாகுமா என்பதை எழுத்தில் கேளுங்கள். ஒரு மாணவி 2 ஆண்டில் மொத்தம் எத்தனை நோயாளிகளுக்குக் காரை எடுக்கிறாள் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தாலோ, காலை 10 மணிக்குப் புறநோயாளிப் பிரிவில் நாற்காலிகள் காலியாக இருந்தாலோ அந்தக் கல்லூரி வேண்டாம். கல்விக் கட்டணத்தோடு கருவிப்பெட்டி, சீருடை, விடுதி, தேர்வுக் கட்டணம் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி வாங்குங்கள்.

பெரியப்பாவிடம் நீங்கள் பேச வேண்டாம், அண்ணன் தம்பிக்குள் உங்கள் கணவரே பேசட்டும். முன்பணம் எதுவும் கொடுத்திருந்தால் ரசீதோடு இந்த வாரமே திருப்பிக் கேளுங்கள். தாமதித்தால் பிடித்தம் அதிகமாகும்.

அதற்கு முன் ஒரு வேலை. ஊட்டி அரசு மருத்துவமனையின் பல் பிரிவில் அனுமதி கேட்டு, மகளை ஒரு நாள் முழுக்க ஓரமாக உட்கார்ந்து பார்க்க விடுங்கள். ரத்தம், வாய் நாற்றம், அழும் குழந்தை எல்லாம் பார்க்கட்டும். மாலை வீட்டுக்கு வந்ததும் எப்படி இருந்தது என்று நீங்களாகக் கேட்காதீர்கள். அவளே பேசட்டும். என்ன சொன்னாள் என்பதை அப்படியே எனக்கு எழுதுங்கள்.