பயண நோக்கம்: போர் போட

வணக்கம் அம்மா,

உங்கள் தளத்தை ஐந்தாறு வருடமாக வாசிக்கிறேன். தணிக்கை நிறுவனம் ஒன்றில் வேலை. திங்கள் காலை சென்னையிலிருந்து மும்பைக்குப் பறந்து வியாழன் இரவு திரும்புகிறேன், வாராவாரம். அங்கே போய்ச் செய்வதில் முக்கால்வாசியை வீட்டிலிருந்தே செய்துவிடலாம். விமானப் புகையைப் பற்றி எங்காவது வாசித்தால் குற்ற உணர்ச்சி வருகிறது. மகளுக்கு மூன்று வயது. இந்த வேலையை விட்டுவிடலாமா?

இன்னொன்று. போன மாதம் அலுவலக வேலையாகத் துபாய் போய்விட்டுத் திருச்சி வழியாகத் திரும்பினேன். விமானம் முழுக்க லேபர் கூட்டம். சக்கரம் தரையைத் தொட்டதுமே எழுந்து பெட்டியை எடுக்கிறார்கள். பணிப்பெண் கத்தியும் உட்காரவில்லை. பெல்ட்டில் பார்த்தால் கயிறு கட்டிய அட்டைப்பெட்டிகளாக வருகின்றன. விமானத்தில் எப்படி நடந்துகொள்வது என்று நம்மவர்களுக்கு யாராவது சொல்லிக்கொடுக்கக் கூடாதா?

க., சென்னை

அன்புள்ள க.,

உங்கள் கடிதத்தில் இரண்டு வரிகளை நீக்கிவிட்டுத்தான் வெளியிடுகிறேன். விமானத்துக்குள் என்ன வாடை அடித்தது என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரிகள். பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து உங்கள் மகள் இதை வாசிக்கக்கூடும்.

புகை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 2018இல் உலக மக்களில் சுமார் 11 விழுக்காட்டினர்தான் விமானம் ஏறினார்கள், அடிக்கடி பறக்கிற 1 விழுக்காட்டினரே பயணிகள் விமானப் புகையில் பாதிக்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். வாரம் இரண்டு தடவை பறக்கிறவர் எந்தப் பக்கம் வருவார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கணக்குப் பார்ப்பது உங்கள் தொழில். மேலாளரிடம் போய் மாதம் ஒரு தடவை வந்தால் போதாதா என்று கேட்டீர்களா? கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. முதலில் கேளுங்கள்.

எனக்கு உங்களோடு பேச வேண்டியது அந்த ‘லேபர் கூட்டம்’ பற்றி. போன வாரம் அண்ணன் வீட்டுப் பரணை ஒழித்தபோது ஒரு கத்தரிக்கோல் கிடைத்தது. தையல்காரர்கள் துணி வெட்டும் பெரிய கத்தரி. கைப்பிடியில் கறுப்பு வண்ணம் உரிந்து, கட்டைவிரல் படும் இடத்தில் மட்டும் இரும்பு வெள்ளையாகத் தேய்ந்திருந்தது. இரண்டு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது.

எங்கள் ஊர் புதுக்கோட்டைக்குக் கிழக்கே. அங்கே முதன்முதலில் விமானம் ஏறியவர் ஒரு கொத்தனார். பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டரும் அரிசி மில் முதலாளியும் அப்போது விமானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அடுத்து ஏறியது என் அண்ணன். அவர்களுக்கு முந்தைய தலைமுறை கப்பலில் போனது. நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கில் இறங்குவார்கள். 1926இல் கட்டிய ரஜூலா கப்பல் 1973 வரை ஓடியது. அப்புறம் ‘சிதம்பரம்’ வந்தது. 1985இல் அது நடுக்கடலில் தீப்பிடித்ததோடு அந்தக் கப்பல் போக்குவரத்தே நின்றுபோனது. மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துப் போனவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று திருச்சியில் விமானம் ஏறுகிறார்கள். அந்த நிலையத்தில் உள்நாட்டுப் பயணிகளைவிட வெளிநாட்டுக்குப் போய்வருகிறவர்கள்தான் அதிகம். 2024இல் அவ்வளவு பெரிய புது முனையம் கட்டித் திறந்தார்களே, அது இவர்களுடைய டிக்கெட் காசை நம்பித்தான். உங்கள் விமானத்துக்குள் அவர்கள் வந்துவிட்டதாக எழுதுகிறீர்கள். அவர்கள் விமானத்தில் உங்களுக்கு ஒரு சீட் கிடைத்தது, தம்பி.

2011இல் துபாயில் ஒரு தமிழ் அமைப்பு பேச அழைத்திருந்தது. திருச்சியிலிருந்து கிளம்பினேன். அப்போதெல்லாம் நாட்டைவிட்டுப் போகும் முன் ஓர் அட்டையை நிரப்பிக் கொடுக்க வேண்டும். 2017 ஜூலையில்தான் அதை எடுத்தார்கள். பெயர், பாஸ்போர்ட் எண், விமான எண், தொழில், பயண நோக்கம் என்று வரிசையாகக் கேட்டிருக்கும். நான் ஓரமாக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தபோது ஒரு பையன் வந்து, “அம்மா, பேனா இருக்கா?” என்றான். நீட்டினேன். பேனாவை வாங்கவில்லை. தன் அட்டையை என்னிடம் நீட்டினான்.

அவனுக்கு எழுதி முடித்து நிமிர்ந்தால் வரிசை நிற்கிறது. பதினொரு பேருக்கு எழுதினேன். கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் விரலால் தொட்டுக் காட்டுவேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு போடுவார்கள்.

ஐந்தாவதோ ஆறாவதோ வந்தவர் ஐம்பதை நெருங்கியவர். ஆவுடையார்கோயில் பக்கம். நெற்றியில் திருநீறு, சட்டைப்பையில் புது டிக்கெட் தாள். தொழில் என்ன என்று கேட்டேன். “வெவசாயம்” என்றார். நானும் எழுத ஆரம்பித்துவிட்டேன். பின்னால் நின்றவர் பதறிப்போய், “அய்யோ அம்மா, விசாவுல க்ளீனர்னு இருக்கு, அதையே போடுங்க. மாத்திப் போட்டா திருப்பி அனுப்பிருவான்” என்றார். அடித்துவிட்டு மாற்றி எழுதினேன். ஆறு வருடமாக அங்கே ஒரு கட்டடத்தில் பதினெட்டு மாடிப் படிக்கட்டையும் துடைக்கிறவர் அவர். லீவு முடிந்து திரும்பிப் போகிறார். தொழில் என்று கேட்டால் விவசாயம் என்கிறார்.

அடுத்த வரி பயண நோக்கம். “எதுக்குப் போறீங்கன்னு கேட்டிருக்கு” என்றேன். வேலைக்கு என்று சொல்வார், எழுதிவிடலாம் என்று பேனாவை அட்டையில் வைத்துக் காத்திருக்கிறேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

“போர் போடத்தாம்மா.”

கண்மாயில் தண்ணீர் நின்று நாலு வருடம் ஆகிறதாம். கிணறு வற்றி, முதலில் போட்ட போர் 300 அடியிலும் வெறும் புகையாக வந்திருக்கிறது. இன்னொன்று போடுவதற்குக் காசு. வயலைத் தரிசு போட்டுவிட்டுப் போகிறோமே என்று அவருக்கு ஒரே கவலை. படிக்கட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அட்டையில் ‘வேலை’ என்று எழுதிக் கொடுத்தேன். இன்றைக்கும் அந்த அட்டையை நினைத்தால் பொய் எழுதிக் கொடுத்துவிட்டதாகவே தோன்றுகிறது.

அதற்கப்புறம் எல்லோரிடமும் அந்தக் கேள்வியை வேண்டுமென்றே கேட்டேன். ஒருவர் தங்கச்சிக்குப் பதினைந்து பவுன் என்றார். ஒருவர் ஏஜென்டுக்குக் கொடுக்க வாங்கிய ஒண்ணேகால் லட்சத்துக்கு வட்டி ஓடுகிறது என்றார். அப்பா இறந்த செய்தி கேட்டு ஓடி வந்து, எரித்த சாம்பலைத்தான் பார்த்துவிட்டுப் போகிறவர் ஒருவர். அவர் வந்த காரணத்துக்கு எந்த அட்டையிலும் கட்டம் கிடையாது. வரிசையில் ஒரே ஒரு பெண், அரபி வீட்டு வேலைக்குப் போகிறவள். நம் அரசாங்க விதிப்படி அந்த வேலைக்கு 30 வயது ஆகியிருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் 31 போட்டிருந்தது. முகத்துக்கு இருபத்தைந்துகூட ஆகியிருக்காது. எதற்குப் போகிறாய் என்று கேட்டேன். “வேலை” என்றாள். அவ்வளவுதான். மற்றவர்கள் எல்லோரும் கேட்டதற்கு மேல் பேசினார்கள்.

நீங்கள் பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டு நேராக உள்ளே போயிருப்பீர்கள். பத்தாவது தேறாதவர் வேலைக்காக 18 நாடுகளுக்குப் போவதானால், 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி அரசாங்கத்திடம் தனியாக அனுமதி வாங்க வேண்டும். வளைகுடாவும் மலேசியாவும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. பாதுகாப்புக்காகத்தான் அந்த விதி, வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த ஓர் அனுமதிக்காக ஏஜென்ட், மெடிக்கல், அக்ரிமென்ட், சென்னைக்கு இரண்டு தடவை பஸ் செலவு என்று அலைந்து, மாதக்கணக்கில் காத்திருந்து ஒருவர் உங்கள் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்கிறார். உங்களுக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்தது அலுவலகம். பொறுமையைப் பற்றி அவருக்குச் சொல்லிக்கொடுக்க உங்களிடம் என்ன இருக்கிறது?

சரி, எழுந்து நிற்கிறார்களே என்கிறீர்கள். நிற்கக் கூடாதுதான். விமானம் சட்டென்று பிரேக் பிடித்தால் மேலே இருக்கிற பெட்டி தலையில் விழும். இதை நான் அண்ணனிடமே கேட்டிருக்கிறேன், ஏன் எல்லோரும் இப்படிப் பறக்கிறீர்கள் என்று. அங்கே தொழிலாளர்களைத் தங்கவைக்கும் கேம்பைப் பற்றி அவர் சொன்னார்: “சாயங்காலம் பஸ்ஸு கேம்ப் வாசல்ல நிக்கிறதுக்கு முன்னாடியே எந்திரிச்சு நின்னாத்தான் பாத்ரூம் கெடைக்கும், அடுப்பு கெடைக்கும். ஒரு தளத்துக்கு நாப்பது பேரு, நாலு பாத்ரூமு. கடைசியா எறங்குறவன் ராத்திரி பத்து மணிக்குத்தான் சோறு திம்பான்.” அண்ணன் ஊருக்கு வந்து இத்தனை வருடமாகிறது. இன்னமும் புதுக்கோட்டை டவுன் பஸ்ஸில் ஸ்டாப் வருவதற்கு முன்னாலேயே எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மதினி திட்டிக்கொண்டே இருப்பார்.

திங்கள்கிழமை மும்பை விமானத்தில் என்ன நடக்கிறது? நானும் அதில் போயிருக்கிறேன். சக்கரம் நின்ற மறுநொடி லாப்டாப் பையோடு எழுந்து, கூரையில் இடிக்காமல் தலையைச் சாய்த்துக்கொண்டு கால்மணி நேரம் நிற்கிறார்கள். நீங்கள் நின்றதில்லையா? அவர்களை ‘ஆடிட்டர் கூட்டம்’ என்று யாரும் எனக்குக் கடிதம் எழுதவில்லை.

அட்டைப்பெட்டியைச் சொன்னீர்கள். பெல்ட் பக்கத்தில் நின்று அதை ஒரு தடவை நன்றாகப் பார்த்திருக்கலாம். 30 கிலோவில் சூட்கேஸே நாலைந்து கிலோவைத் தின்றுவிடும், அட்டைப்பெட்டி தின்னாது. குறுக்கும் நெடுக்குமாக நைலான் கயிறு போட்டு, கை நுழைகிற மாதிரி மேலே பிடி வைத்து முடிவார்கள். கேம்பில் அதைக் கட்டுவதற்கென்றே கைதேர்ந்தவர் ஒருவர் இருப்பார், ஆள் ஊருக்குப் போகிற ராத்திரி எல்லோரும் அவர் அறையில்தான் நிற்பார்கள். நாலு பக்கமும் மார்க்கரில் பெயர், அப்பா பெயர், ஊர், போன் நம்பர். உள்ளே நிடோ பால்பவுடர், கோடாலித் தைலம், போர்வை, பேரீச்சை, சோப்பு. எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரி இருப்பதால் அடையாளத்துக்கு ஏதாவது கட்டுவார்கள். ஒரு தடவை சிவப்பு ரிப்பன் கட்டிய பெட்டி ஒன்று வந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சடையில் கட்டும் ரிப்பன். போன லீவு முடிந்து போகும்போது மகள் கொடுத்துவிட்டதாம். இரண்டு வருடம் பத்திரமாக வைத்திருந்து அதிலேயே முடிந்துகொண்டு வந்திருக்கிறார் அந்த மனிதர்.

அண்ணனின் கத்தரிக்கு வருகிறேன். 1986இல் போனார். அப்போது எங்கள் பக்கத்து ஆட்கள் ரயிலேறிப் பம்பாய் போய், டோங்கிரிப் பக்கம் ஏதாவது லாட்ஜில் பத்துப் பதினைந்து பேரோடு படுத்துக்கிடந்து விசாவுக்குக் காத்திருப்பார்கள். குவைத்தில் ஒரு தையல்கடையில் வேலை கிடைத்தது. 1990 ஆகஸ்டு 2ஆம் தேதி காலையில் எழுந்து பார்த்தால் தெருவில் ஈராக் ராணுவம் நிற்கிறது. கடையைப் பூட்டிவிட்டு முதலாளி எங்கே போனார் என்று தெரியவில்லை. மூன்று மாதச் சம்பளம் பாக்கி. பஸ்ஸில் பாக்தாத், அங்கிருந்து பாலைவனம் வழியாக ஜோர்டான் எல்லை, கூடாரத்தில் நாட்கணக்கில் தண்ணீருக்கு வரிசை, அப்புறம் அம்மான். அங்கிருந்து ஏர் இந்தியா ஏற்றிக்கொண்டு வந்தது. 59 நாளில் 488 விமானங்கள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நம் ஜனங்கள். அண்ணன் ஊருக்கு வந்து இறங்கியபோது இடுப்பில் ஒரு கைலி, மேலே சட்டை, கையில் ஒரு துணி மூட்டை. மூட்டைக்குள் இந்தக் கத்தரி. அம்மானில் ஓர் அதிகாரி அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கொடுத்துவிட்டாராம்.

அம்மா அவரைப் பிடித்துக்கொண்டு அழுதபோது நான் கேட்டேன், எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதை ஏன் தூக்கிக்கொண்டு வந்தாய் என்று. “இது கடைக்காரனுது இல்ல, நான் வாங்குனது” என்றார். வருடக்கணக்கில் காத்திருந்தபின் ஐ.நா. இழப்பீட்டு ஆணையத்திலிருந்து 2,500 டாலர் வந்தது. அதற்குள்ளேயே அதே கத்தரியை எடுத்துக்கொண்டு மறுபடி குவைத் போய்விட்டார். தங்கை எனக்குக் கல்யாணம் பண்ண வேண்டியிருந்தது. அவருடைய இரண்டாவது பயணத்தின் நோக்கம் நான்தான், க. ஒருவர் எதற்காகப் பறக்கிறார் என்ற பேச்சு வந்தாலே எனக்குக் குரல் உயர்ந்துவிடுவது அதனால்தான். உங்கள் மேல் கோபமில்லை. உங்கள் அப்பாவோ தாத்தாவோ எந்த வண்டியில் எதைத் தூக்கிக்கொண்டு எந்த ஊருக்கு வந்தார் என்று வீட்டில் ஒருநாள் கேட்டுப் பாருங்கள்.

வேலையை விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அதை மனைவியிடம் கேளுங்கள், வாரத்தில் நாலு நாள் குழந்தையோடு தனியாக இருப்பவர் அவர்தான். மறுபடி திருச்சி வழியாகப் போக நேர்ந்தால் பக்கத்து சீட்காரரிடம் எந்த ஊர் என்று விசாரியுங்கள். ஆவுடையார்கோயில் பக்கம் என்றால், அங்கே இப்போது எத்தனை அடியில் தண்ணீர் வருகிறது என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.