கோபப்படலாம், கொளுத்தக்கூடாது: சில கேள்விகளுக்குப் பதில்

மத வெறித் தாக்குதல்கள், அதையொட்டி நம்மவர்கள் எழுதுவது, எழுதியதற்குப் போலீஸ் கூப்பிடுவது என்று குவிந்த கேள்விகளில் சிலவற்றை எடுத்திருக்கிறேன். கோலாலம்பூர் கோர்ட்டுகளில் குற்றவியல் வழக்கு நடத்துகிறவன் நான். சட்டமும் சொல்வேன், என் அபிப்பிராயமும் சொல்வேன். எது எது என்று படிக்கும்போதே தெரியும். சொந்த வழக்கு இருந்தால் ஒரு வக்கீலை நேரில் பாருங்கள்.

செந்தூலிலிருந்து: சார், சல்மான் ருஷ்டியைக் குத்தியபோது எங்கள் குழுவில் ஒருவர், "குத்தியது தப்புதான், ஆனாலும் அவர் ஏன் அப்படி எழுதணும்" என்றார். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது இல்லையா?

இல்லை தம்பி. 'சாத்தானின் வசனங்கள்' என்ற நாவலுக்காக அவரைக் கொலை செய்யச் சொல்லி ஈரானில் ஆணை வந்தது 1989 பிப்ரவரி 14-இல். நியூயார்க் மாநிலத்தில் ஒரு மேடையில் வைத்துக் குத்தியது 2022 ஆகஸ்ட் 12-இல். குத்தியவனுக்கு வயது 24. ஆணை வந்தபோது அவன் பிறக்கவே இல்லை. அந்த நாவலில் ஏதோ இரண்டு பக்கம் படித்ததாகப் பிறகு பத்திரிகைக்காரரிடம் அவனே சொன்னான். இதில் புண்பட்ட மனசு எங்கே இருக்கிறது? யாரோ எப்போதோ சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு கத்தியோடு போயிருக்கிறான். எழுதியவருக்கு ஒரு கண் போனது, குத்தியவனுக்கு 25 வருஷ சிறை கிடைத்தது.

புத்தகம் பிடிக்கவில்லை என்றால் திட்டி எழுதட்டும், வாங்காமல் இருக்கட்டும், வாசலில் கொடி பிடிக்கட்டும். எழுத்தின் தரத்தைப் பேச வேண்டிய நாள் வேறு. ஆள் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது அதைப் பேச ஆரம்பிப்பது குத்தியவனுக்கு வக்காலத்து வாங்குவதுதான், பேசுகிறவர் அப்படி நினைக்காவிட்டாலும்.

கிள்ளானிலிருந்து ஒரு தங்கச்சி: ஏரா எஃப்எம் விடியோவுக்கு நாம் எல்லாரும் கொதித்தோமே. நம் சாமியைக் கிண்டல் செய்தால் நடவடிக்கை வேண்டும், அடுத்தவர் சாமி என்றால் மட்டும் கருத்துச் சுதந்திரமா?

வந்ததிலேயே நேர்மையான கேள்வி இது. அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

2025 மார்ச்சில் அந்த மலாய் வானொலியின் மூன்று அறிவிப்பாளர்கள் "வேல் வேல்" என்று காவடியாட்டத்தைக் கேலி செய்து விடியோ போட்டார்கள். நாடு முழுக்கப் போலீஸ் புகார்கள். மூவரும் மன்னிப்புக் கேட்டார்கள், நிலையத்தை நடத்தும் நிறுவனத்துக்கு எம்சிஎம்சி என்ற தொடர்பு பல்லூடக ஆணையம் 250,000 ரிங்கிட் அபராதம் போட்டது. எனக்கும் அந்த விடியோ எரிச்சலாகத்தான் இருந்தது. பத்துமலை படிக்கட்டில் பால்குடம் சுமந்தவனுக்குக் கோபம் வராமல் இருக்குமா?

இதைத் திருப்பிப் பார்ப்போம். 2007 ஆகஸ்டில் நம்முடைய மக்கள் ஓசை நாளிதழில் ஏசுநாதர் கையில் சிகரெட்டும் பீர் டின்னும் இருப்பதுபோல ஒரு படம் வந்துவிட்டது. தவறுதலாக வந்தது என்று பத்திரிகை மன்னிப்புக் கேட்டது. கோலாலம்பூர் பேராயர் மர்பி பாக்கியம் அந்த மன்னிப்பை ஏற்றுக்கொண்டார். புண்பட்டவர்களே போதும் என்று விட்ட பிறகும் உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சு பத்திரிகையை ஒரு மாதம் முடக்கியது. அதற்கு முந்தின வருஷம், நபிகள் நாயகத்தைப் பற்றிய டென்மார்க் கேலிச்சித்திரத்தை மறுபதிப்புச் செய்ததற்காகச் சரவாக் டிரிபியூன் நாளிதழ் இழுத்து மூடப்பட்டது.

மக்கள் ஓசை முடங்கியபோது அநியாயம் என்று புலம்பிய ஆட்களைத் தெரியும். அவர்களிலேயே சிலர் 2025-இல் வானொலியின் உரிமத்தையே பிடுங்கச் சொன்னார்கள். என் கணக்கு இது: நம் சாமி கேலிக்கு ஆளாகும்போது எவ்வளவு தண்டனை போதும் என்று நினைக்கிறோமோ, நம் ஆள் வாய்தவறும்போதும் அதே அளவை ஏற்றுக்கொள்ள வேண்டும். என்னைக் கேட்டால் மன்னிப்போடு இரண்டு விவகாரமும் முடிந்திருக்க வேண்டும். தங்கச்சிக்கு ஒத்துவராமல் போகலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். ஏரா எஃப்எம் நிலையத்தை யாரும் கொளுத்தவில்லை. புகார் கொடுத்தோம், கத்தினோம், மன்னிப்பு வந்தது. கோபத்துக்கு அந்த வழி போதுமானதாக இருந்தது.

செராஸிலிருந்து: அண்ணே, கேகே மார்ட் காலுறை விவகாரத்தில் கடைக்கு அபராதம் போட்டது சரியா?

2024 மார்ச்சில் பண்டார் சன்வே கிளையில் 'அல்லாஹ்' என்று அச்சிட்ட காலுறை கிடந்தது. அந்த ஜூலையில் நிறுவனமும், சரக்கு கொடுத்தவரும் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆளுக்கு 60,000 ரிங்கிட் கட்டினார்கள். வழக்குக்கு அடிப்படையான தண்டனைச் சட்டம் பிரிவு 298-இன் சாரம் வேண்டுமென்றே மதவுணர்வைப் புண்படுத்துவது. வாதாடியிருந்தால் அந்த 'வேண்டுமென்றே'தான் வழக்கே. ஒப்புக்கொண்டதால் அது பேசப்படவே இல்லை.

வழக்கு முடியும் வரை பொறுக்காதவர்கள் பீடோர், குவாந்தான், கூச்சிங் கிளைகளில் பெட்ரோல் குண்டு வீசினார்கள். மூன்று ஊரிலும் யாரும் சாகாதது அதிர்ஷ்டம். 2010 ஜனவரியில் தேசா மெலாவத்தி தேவாலயம் எரிந்ததும் இதே மாதிரி, ஒரு நீதிமன்றத் தீர்ப்பு பிடிக்காத கோபத்தில். கொளுத்திய அண்ணன் தம்பி இருவருக்கும் ஐந்து வருஷம் கிடைத்தது.

ஜார்ஜ்டவுனிலிருந்து ஒரு பாய்: சூலியா தெருவில் நாசி கண்டார் கடை வைத்திருக்கிறேன். எங்கேயாவது குண்டு வெடித்தால் மறுநாள் காலையில் வாடிக்கையாளர் ஒருவர், "என்ன பாய், உங்காளுங்க..." என்று ஆரம்பிப்பார். நான் என்ன பதில் சொல்வது?

கறி ஊற்றிக்கொண்டே, "சம்பலும் வேணுமா?" என்று கேளுங்கள். நீங்கள் யாருக்கும் பதில் சொல்லக் கடன்பட்டவர் இல்லை.

பதில் சொல்ல வேண்டியவர் அந்த வாடிக்கையாளர். 2019 ஈஸ்டர் அன்று இலங்கையில் தேவாலயங்களிலும் ஓட்டல்களிலும் குண்டு வெடித்து 260-க்கு மேற்பட்டவர் செத்தார்கள். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் செத்தவர்களில் நிறையப் பேர் தமிழ்ப் பிள்ளைகள். குண்டு வைத்தவர்களின் உடல்களை அடக்கம் செய்ய மாட்டோம் என்று அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அறிவித்தது. அதைவிடக் கடுமையாக எப்படிக் கண்டிப்பது? அப்படியும் மூன்று வாரத்தில் குருநாகலிலும் மினுவாங்கொடையிலும் முஸ்லிம் கடைகளை உடைத்தார்கள். கண்டித்தால் விடுவார்கள் என்பது பொய், பாய். பாரிஸில் 2015 ஜனவரியில் தீவிரவாதிகள் தாக்கிய சார்லி எப்டோ பத்திரிகை அலுவலகத்துக்கு வெளியே சுடப்பட்ட போலீஸ்காரர் அகமது மெராபே. இரண்டு நாள் கழித்து யூதக் கடையில் வாடிக்கையாளர்களைக் குளிரறையில் ஒளித்துக் காப்பாற்றியவர் லசானா பாத்திலி. இருவரும் முஸ்லிம்கள். மறுபடி கேட்டால் இந்த இரண்டு பெயரைச் சொல்லிப் பாருங்கள்.

ரவாங்கிலிருந்து: பிரான்சில் எதையும் பேசலாமாமே?

அதே 2015 ஜனவரியில், பாரிஸ் கொலைகளைக் கண்டித்த ஊர்வலம் முடிந்து மூன்றே நாளில், டியூடோனே என்ற நகைச்சுவையாளரை ஃபேஸ்புக்கில் போட்ட ஒரு வரிக்காகக் கைது செய்தார்கள். அந்த யூதக் கடைக் கொலைகாரனோடு தன்னை ஒப்பிட்டு எழுதியிருந்தார். கேவலமான வரி. இரண்டு மாதம், ஒத்திவைத்த தண்டனை. எல்லா நாட்டிலும் வேலி உண்டு, எங்கே நட்டிருக்கிறார்கள் என்பதில்தான் சண்டை.

பட்டர்வொர்த்திலிருந்து: தீவிரவாதிகள் கழுத்தறுக்கும் விடியோ ஒன்று வாட்சாப்பில் வந்து தானாக இறங்கிவிட்டது. வைத்திருந்தால் ஆபத்தா?

இன்றைக்கே அழியுங்கள். தண்டனைச் சட்டம் 130ஜேபி பிரிவில், பயங்கரவாதக் குழு தொடர்பான பொருளை வைத்திருப்பதே குற்றம், ஏழு வருஷம் வரை சிறை. "பாருங்கள் எவ்வளவு கொடுமை" என்று கண்டித்து அனுப்பினாலும் அனுப்பியது அனுப்பியதுதான். வாட்சாப்பில் தானாக இறங்கும் அமைப்பையும் அடைத்துவிடுங்கள்.

போனில் இருக்கும் படம் எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதற்கு நம்மிடமே உதாரணம் உண்டு. 2019 அக்டோபரில் விடுதலைப் புலிகள் தொடர்பு என்று 12 பேரைச் சொஸ்மா என்ற பாதுகாப்புக் குற்றச் சட்டத்தில் பிடித்தார்கள், இரண்டு சட்டமன்ற உறுப்பினர்கள் உட்பட. தீபாவளி உள்ளேயே போனது. போனிலும் ஃபேஸ்புக்கிலும் ஒரு தலைவரின் படம் இருப்பதைப் பயங்கரவாதமாக்க முடியாது என்று 2020 பிப்ரவரியில் அட்டர்னி ஜெனரல் டோமி தாமஸ் வழக்கைக் கைவிட்டார். அதற்குள் பல மாதம் ஓடிவிட்டது.

பூச்சோங்கிலிருந்து: எங்கள் ஊரிலேயே 2016-இல் மதுக்கூடத்தில் கையெறிகுண்டு வீசினார்கள். அப்போது மனசில் வந்ததை எழுதினேன். இன்று எழுதினால் உள்ளே போவேனா?

எட்டுப் பேர் காயம்பட்ட சம்பவம், ஐஎஸ் பெயரில் இங்கே நடந்த முதல் தாக்குதல். அதைச் செய்தவனை, அனுப்பியவனை, அந்தக் கொள்கையை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். "இவனுங்க எல்லாருமே" என்று ஆரம்பிக்கும் இடத்தில்தான் வழக்கு ஆரம்பிக்கிறது. இணையப் பதிவுகளுக்குப் போடும் தொடர்பு பல்லூடகச் சட்டம் பிரிவு 233-க்கு 2025 பிப்ரவரியிலிருந்து அபராதம் 500,000 ரிங்கிட் வரை, சிறை இரண்டு வருஷம் வரை. முன்பு 50,000, ஒரு வருஷம். இந்தத் திருத்தம் எனக்குப் பிடிக்கவில்லை, ஏனென்றால் ஆத்திரத்தில் எழுதும் சின்ன ஆள்தான் முதலில் மாட்டுவான்.

அம்பாங்கிலிருந்து ஒரு குழு அட்மின்: மற்றவர் போடுவதற்கு நான் பொறுப்பா?

சாட்சியச் சட்டம் 114ஏ படி, நிர்வாகி என்று பெயர் இருந்தால் வெளியிட்டவர் நீங்கள்தான் என்று முதலில் எடுத்துக்கொள்ளப்படலாம். இல்லை என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில். மிரட்டல் வந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போலீஸ் புகார் போடுங்கள், பிறகு பதிவை அழித்து, போட்டவரை வெளியேற்றுங்கள். மாமா பையனாக இருந்தாலும் சரி.