ஐப்பசியில் பல்லாரி: மூட்டைக் கணக்கில் வாங்கி வைக்கலாமா?

கேள்வி: கும்பகோணத்தில் சிறிய மெஸ் நடத்துகிறேன். நாளொன்றுக்கு 15 கிலோ பல்லாரி, அதாவது பெரிய வெங்காயம், தேவை. ஒவ்வொரு ஆண்டும் தீபாவளி நெருங்கும்போது விலை ஏறுகிறது. மலிவாக இருக்கிறதே என்று புது வெங்காயம் வாங்கினால் ஒரே வாரத்தில் அழுகி நாறுகிறது. இந்த முறை முன்கூட்டியே பத்து மூட்டை வாங்கிப் போட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். பத்து மூட்டை என்றால் 500 கிலோ, உங்களுக்கு ஒரு மாதத்துக்கு மேல் வரும். புரட்டாசி, ஐப்பசியில் கிடைக்கிற எந்த வெங்காயமும் ஒரு மெஸ்ஸின் பின்கட்டில் அவ்வளவு நாள் தாங்காது.

ஏன் என்று புரிய, அந்த நேரத்தில் மண்டிக்கு எது வருகிறது என்று பார்க்க வேண்டும். நாட்டின் மொத்த வெங்காய விளைச்சலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ரபி பருவத்துச் சரக்கு. பங்குனியில் தொடங்கி வைகாசி வரை அறுவடையாகும். கோடை வெயிலில் தாளும் கழுத்தும் நன்றாகக் காய்ந்துவிடுவதால் சேமிக்க ஏற்றது. நாசிக் பக்கத்து விவசாயிகள் அதைக் காற்றோட்டமான கொட்டகைகளில் வைத்து, லாசல்கான் போன்ற சந்தைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுகிறார்கள். ஆடி, ஆவணியில் நாம் சாப்பிடுவதில் பெரும்பகுதி இந்தச் சரக்குதான். ஐப்பசி வரும்போது அதற்கு ஐந்தாறு மாத வயது. எடை வற்றியிருக்கும், சிலது முளைத்திருக்கும், சிலது அழுகியிருக்கும். கால் பங்குக்கு மேல் கழிவது புதிதல்ல. மிஞ்சியதுதான் ‘பழைய வெங்காயம்’ என்று கூடுதல் விலைக்கு விற்கிறது.

அது தீரும் நேரத்தில் காரீஃப் வெங்காயம் வர வேண்டும். நமக்கு முதலில் வருவது கர்னூல், சித்ரதுர்கா பக்கத்து லோடு, அப்புறம் மகாராஷ்டிரச் சரக்கு. இது மழைக்காலத்தில் விளைவது. உடம்பில் தண்ணீர் அதிகம், கழுத்து பருமன். பிடுங்கிய பிறகு உலர்த்த வெயில் கிடைப்பதில்லை. விலை நன்றாக இருக்கிறதே என்று அவசரமாகப் பிடுங்குபவர்களும் உண்டு. அறுவடை நேரத்தில் மழை அடித்தால் பயிரும் போகும், வரத்தும் தள்ளிப்போகும். 2019இல் நடந்தது அதுதான்: டிசம்பரில் கிலோ 100 ரூபாயைத் தாண்டி, எகிப்து வெங்காயம் கப்பலேறி வந்தது. பார்க்க ஜோராக இருந்தது, காரம்தான் இல்லை!

சரி, பழையதா புதியதா? கிலோ விலையை மட்டும் பார்க்காதீர்கள். உதாரணத்துக்கு, பழையது கிலோ 60, புதியது 45 என்று வைத்துக்கொள்வோம். 50 கிலோ பழைய மூட்டை 3,000 ரூபாய். 5 கிலோ கழித்தால் அடுப்புக்குப் போகும் வெங்காயம் கிலோ 67 ரூபாய் ஆகிறது. புது மூட்டை 2,250 ரூபாய். மூன்று நாளில் தீர்த்தால் 7 கிலோ கழிந்தாலும் 52 ரூபாய்தான். அதே மூட்டையைப் பத்து நாள் வைத்து 20 கிலோ அழுகவிட்டால் 75 ரூபாய். மலிவென்று வாங்கியது பழையதைவிட விலை கூடிவிட்டது. உங்கள் நஷ்டம் புது வெங்காயத்தால் வந்ததல்ல, அதை இருப்பு வைத்ததால் வந்தது.

மூட்டை எடுக்கும்போது கழுத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக, ஒட்டிக் காய்ந்திருந்தால் எடுக்கலாம். மெத்தென்று அமுங்கினால் அன்றன்றைக்குத்தான் ஆகும். சாக்கின் அடிமூலை ஈரமா, புளித்த வாடை வருகிறதா என்று கவனியுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, ஒரு மூட்டையைக் கொட்டிக் காட்டச் சொல்லுங்கள். மேல்வரிசை எப்போதும் அழகாகத்தான் இருக்கும். பழையதில் ஒன்றிரண்டை வெட்டிப் பாருங்கள். நடுவில் பச்சைக் குருத்து தெரிந்தால் ஒரு வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள். தோலில் மட்டும் கரும்பூஞ்சை இருந்தால் உரித்துக் கழுவிப் பயன்படுத்தலாம். சதைக்குள் இறங்கியிருந்தால் தூக்கிப் போடுங்கள்.

சமையலிலும் பிரித்துக்கொள்ளலாம். புது வெங்காயம் வதங்கும்போது தண்ணீர் விடும், பொன்னிறமாக நேரமும் எண்ணெயும் அதிகம் பிடிக்கும். அதைச் சாம்பாருக்கும் குருமாவுக்கும் ஒதுக்குங்கள். பிரியாணிக்குப் பொரிப்பதற்குப் பழையதே நல்லது.

விலை இன்னும் ஏறுமே என்ற பயம் நியாயம்தான். ஆனால் வெங்காய விலை மழையால் மட்டும் நகர்வதில்லை. மத்திய அரசு நாஃபெட் (தேசிய வேளாண் கூட்டுறவு விற்பனை இணையம்) போன்ற அமைப்புகள் மூலம் ரபி வெங்காயத்தை வாங்கி வைத்து, தட்டுப்பாட்டில் சந்தைக்கு விடுகிறது. 2023 ஆகஸ்டில் ஏற்றுமதிக்கு 40 சதவீத வரி போட்டது, டிசம்பரில் ஏற்றுமதியையே தடை செய்தது. 2024 மே மாதத்தில்தான் தடை விலகியது. இப்படி ஓர் அறிவிப்பு வந்தால் நாசிக்கில் விலை சட்டென்று இறங்கும். நீங்கள் உச்ச விலைக்கு வாங்கிய பத்து மூட்டை பின்கட்டில் முளைத்துக்கொண்டிருக்கும். வியாபாரிகளே சறுக்குகிற இடம் இது. பொதுவாகத் தை மாதத்தில் பின்காரீஃப் சரக்கு, அதாவது காரீஃபுக்கும் ரபிக்கும் இடையில் வரும் அறுவடை, சேர்ந்ததும் சந்தை மூச்சுவிடும்.

சின்ன வெங்காயத்தின் கணக்கு வேறு. அது பெரும்பாலும் நம் பெரம்பலூர், திண்டுக்கல், நாமக்கல் பக்கத்துச் சரக்கு, பட்டறை (காற்றோட்டமான சேமிப்புக் கொட்டகை) போட்டுச் சேமிப்பது. பல்லாரி விலை ஏறும்போது சின்ன வெங்காயம் மலிவாக இருக்கும் என்று நம்ப முடியாது.

இந்தத் தீபாவளிக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: நன்றாகக் காய்ந்த பழையது இரண்டு மூட்டை கையில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதை மூன்று நாளுக்கு ஒரு மூட்டை புதியதாக எடுங்கள். சாக்கிலேயே விடாமல், மரப்பலகை மேலோ கம்பித் தட்டிலோ ஒரு சாண் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, மின்விசிறி போடுங்கள். உருளைக்கிழங்கு மூட்டை பக்கத்தில் வேண்டாம். காலையில் வெங்காயம் உரிப்பவரிடம் முதல் வேலையாக, ஈரம் கசிகிறதை மட்டும் பொறுக்கி எடுத்து அன்றைக்கே வெட்டச் சொல்லுங்கள்.