சினைக்காலத்தில் கால்சியம் கொடுத்தும் பசு படுத்துவிட்டது ஏன்?

கேள்வி: என் கலப்பினப் பசு மூன்றாம் ஈற்றுக் கன்று போட்ட மறுநாள் எழ முடியாமல் படுத்துவிட்டது. காதுகள் சில்லிட்டிருந்தன; தலையை விலாப் பக்கம் மடித்து வைத்துக்கொண்டது. மருத்துவர் பால் காய்ச்சல் (இரத்தத்தில் கால்சியம் குறைவதால் வரும் நோய்) என்று சொல்லி நரம்பில் கால்சியம் ஏற்றியதும் எழுந்தது. சினையின் கடைசி மாதங்களில் தவறாமல் கால்சியம் டானிக் கொடுத்தேனே, பிறகும் ஏன் வந்தது?

பதில்: அந்த டானிக்கே காரணமாக இருந்திருக்கலாம். அக்கறையோடு செய்ததுதான், ஆனால் கொடுத்த காலம் தவறு.

பசுவின் இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவில் கால்சியம் இருந்தாக வேண்டும். சற்றே குறைந்தாலும் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் உணர்ந்து ஹார்மோனைச் சுரக்கும். அது எலும்பிலிருந்து கால்சியத்தைக் கரைத்தெடுக்கும், சிறுநீரில் வீணாவதைத் தடுக்கும், வைட்டமின் டி வழியாகக் குடலைக் கூடுதலாக உறிஞ்ச வைக்கும். சினையில் கால்சியம் தாராளமாகக் கிடைத்தால் இந்த ஏற்பாட்டுக்கு வேலையே இருக்காது. கன்று போட்டதும் சீம்பாலில் லிட்டருக்குச் சுமார் 2 கிராம் கால்சியம் வெளியேறுகிறது. 10 லிட்டர் கறந்தால் 20 கிராம்! இரத்தத்தில் எந்நேரமும் ஓடுவதோ சில கிராம்தான். எலும்பும் குடலும் முழு வேகத்துக்கு வர ஓரிரு நாள் ஆகும். வயதான பசுக்களுக்கு இன்னும் தாமதம். அந்த இடைவெளியில்தான் தசைகள் தளர்ந்து பசு படுத்துவிடுகிறது.

அடுத்த ஈற்றுக்கு மூன்று வாரம் முன்பே கால்சியம் டானிக்கை நிறுத்துங்கள். குதிரைமசால் போன்ற பயறுவகைத் தீவனத்தைக் குறைத்து, சோளத்தட்டையும் வைக்கோலும் கொடுங்கள். மெக்னீசியம் குறைந்தால் அந்த ஹார்மோன் சரியாக வேலை செய்யாது. எனவே தாது உப்புக் கலவையை மட்டும் மருத்துவரிடம் கேட்டு, சினைப் பசுவுக்கு ஏற்றதாக வாங்குங்கள். கன்று போடும் நாளிலிருந்து கால்சியம் தாராளமாகக் கொடுக்கலாம். முதல் நாள் மடியை ஒட்டக் கறக்காமல், கன்றுக்கு வேண்டிய சீம்பாலை மட்டும் கறங்கள்.

மீண்டும் படுத்துவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். விழுங்கும் தசையும் தளர்ந்திருப்பதால் நுரையீரலுக்குள் போய்விடும். பக்கவாட்டில் சாய்ந்தால் வயிறு உப்பும். வைக்கோல் மூட்டைகளை முட்டுக்கொடுத்து நெஞ்சில் அமர்த்துங்கள். ஊசியை நீங்களே போட வேண்டாம். கால்சியம் வேகமாக ஏறினால் இதயம் நின்றுவிடும். மருத்துவர் இதயத் துடிப்பைக் கேட்டபடியே மெதுவாக ஏற்றுவது அதற்காகத்தான்.